சுண்டெலியின் வெண்குழியங்களைப் பிரிப்பது எப்படி?

டிக்கோயாவில் காய்ச்சல் விடாமல் அடித்தால் டொக்டர் குருதிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். அதில் வெண்குழிய எண்ணிக்கையையும் பார்ப்பார். டெங்கில் அது பெரும்பாலும் குறையும். எலிக்காய்ச்சலில் கூடுவதே வழக்கம். எண்ணுவதற்கு வெண்குழியத்தைத் தனியே எடுக்கத் தேவையில்லை. அது கிருமியை எப்படி எதிர்க்கிறது என்று பார்க்கத்தான் உயிரோடு பிரித்தெடுக்க வேண்டும். ஆய்வுகூடங்களில் இதற்கு அதிகம் பயன்படுவது சுண்டெலி.

25 கிராம் சுண்டெலியின் உடம்பில் ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் குருதிதான் ஓடுகிறது. அதிலும் ஒரு வெண்குழியத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குழியங்கள். அதனால் பலரும் மண்ணீரலை நாடுகிறார்கள். அந்தச் சிறு உறுப்பை நைலோன் வலையில் மெல்லத் தேய்த்தால் பல கோடி கலங்கள் கிடைக்கும்.

குருதியிலிருந்தே பிரிக்க, நோர்வேயின் ஆர்னே போயும் என்ற ஆய்வாளர் 1968இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. தேயிலை ஃபெக்டரியில் சல்லடை பருமனைப் பார்க்கும், காற்றடித்துத் தூற்றும் மெஷின் பாரத்தைப் பார்க்கும். போயுமின் முறை இரண்டாவது வகை. ஃபைகோல் என்ற சீனிச் சேர்மம் கலந்த கரைசலின் மேல் குருதியை மெதுவாக ஊற்றி, மையநீக்கியில் சுழற்றுவார்கள். அடர்த்தி கூடிய செங்குழியம் அடிக்குப் போய்விடும். வெண்குழியங்களில் ஒரு வகையான நிணநீர்க் கலங்கள் கரைசலுக்கு மேலே மெல்லிய வெண்படலமாக நிற்கும். மனிதக் குருதிக்குக் கரைசலின் அடர்த்தி 1.077, சுண்டெலிக்கு 1.083 அளவில் வேண்டும்.

மண்ணீரலில் கலந்துவரும் செங்குழியங்களை அமோனியம் குளோரைட்டால் உடைப்பார்கள். எனக்கு மிகப் பிடித்த படி இது. செங்குழியத்தின் மென்சவ்வில் குளோரைட்டையும் பைகார்பனேற்றையும் மாற்றிக்கொள்ளும் வாயில்கள் ஏராளம். அதனால் உள்ளே அமோனியம் குளோரைட் சேர்கிறது, பின்னால் தண்ணீர் புகுகிறது, கலம் ஊதி வெடிக்கிறது. அத்தனை வாயில்கள் இல்லாத வெண்குழியம் தப்புகிறது. ஆனால் சில நிமிடங்களுக்கு மேல் விட்டால் அதுவும் தாங்காது.

முடிவுகளை மனிதருக்குப் பொருத்தும்போது அவசரம் கூடாது. நம் வெண்குழியங்களில் பாதிக்கு மேல் நியூட்ரோபில்கள். சுண்டெலியிலோ முக்கால்வாசி நிணநீர்க் கலங்கள்.

பிரித்தெடுத்த கலங்களில் கடைசியில் டிரைபான் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இறந்த கலம் நீலமாகும், உயிருள்ளது நிறமேறாது. நீலம் மிகுந்தால் சோதனைக்கு உதவாது. இன்னொரு சுண்டெலியைக் கொல்ல வேண்டிவரும். குறைந்த விலங்குகளோடு ஆய்வை முடிக்க வேண்டும் என்று ரஸ்ஸல், பர்ச் என்ற ஆய்வாளர்கள் 1959இல் எழுதினார்கள். கலங்களைப் பனிக்கட்டியில் வைத்து, கை நடுங்காமல் வேலை செய்யும் ஆய்வாளர் அதைத்தான் செய்கிறார்.