டிராக் ரேஸ்: டயரில் காற்றைக் குறைப்பது ஏன்? எவ்வளவு குறைக்கலாம்?

புது டெல்லி: நேரான தடத்தில் இரு வாகனங்கள் அருகருகே நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் புறப்பட்டு, கால் மைல் அதாவது 402 மீட்டர் தூரத்தைக் கடக்கும் போட்டியே டிராக் ரேஸ். மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலா அருகே ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் நடைபெறும் 'வேலி ரன்' போன்ற நிகழ்வுகளால் இந்தப் போட்டி நாடு முழுவதும் ரசிகர்களைப் பெற்றுள்ளது. இதில் இன்ஜினின் சக்தி குறித்தே அதிகம் பேசப்படுகிறது. ஆனால், எவ்வளவு சக்தி இருந்தாலும் டயர் தரையைப் பற்றினால்தான் அது வேகமாக மாறும். அந்தப் பிடிப்பைச் செலவின்றி மாற்ற உதவுவது டயரின் காற்றழுத்தம்.

அழுத்தம் குறைந்தால் பிடிப்பு கூடுவது ஏன்?

ஒரு சக்கரத்தின் மீது 300 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 133 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையில் படிய வேண்டும். அழுத்தத்தை 16 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால், கணக்குப்படி அந்தப் பரப்பு இரு மடங்காகும். டயரின் பக்கச்சுவரும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால், நடைமுறையில் இந்த உயர்வு சற்றுக் குறைவாகவே இருக்கும். மென்மையான ரப்பர், தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிக்கும் தன்மை கொண்டது. எனவே, படியும் பரப்பு கூடும்போது புறப்படும் கணத்தில் சக்கரம் வெறுமனே சுழல்வது குறைகிறது.

அமெரிக்காவின் 'டாப் ஃபியூயல்' பந்தய வாகனங்கள் இதன் உச்சகட்ட உதாரணம். சுமார் 11,000 குதிரைத்திறன் கொண்ட அவற்றின் பின்சக்கரங்களில் ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ காற்று மட்டுமே இருக்கும். புறப்படும்போது அந்த டயர்களின் பக்கச்சுவர் துணிபோல் மடிந்து சுருங்குவதை வெறும் கண்ணால் காணலாம்.

எந்தச் சக்கரத்தில் குறைப்பது?

இன்ஜின் சக்தியைப் பெறும் சக்கரங்களில் மட்டுமே காற்றைக் குறைக்க வேண்டும். மற்ற சக்கரங்களில் அழுத்தம் போதிய அளவு இருந்தால்தான் வாகனம் தடையின்றி உருளும். திசை தவறாமலும் செல்லும். வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் பின்சக்கர இயக்கம் கொண்ட கார்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றுவோர் இங்குதான் தவறு செய்கின்றனர். இந்தியத் தடங்களில் அதிகம் காணப்படும் ஃபோக்ஸ்வேகன் போலோ, ஸ்கோடா ஆக்டேவியா போன்றவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. புறப்படும்போது எடை பின்புறம் சாய்வதால், இவற்றின் முன்சக்கரங்கள் மேலும் பிடிப்பை இழக்கும். எனவே, இவற்றில் முன்சக்கர அழுத்தத்தையே குறைக்க வேண்டும்.

எவ்வளவு குறைக்கலாம்?

எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. டயரின் வகையே தொடக்க அளவைத் தீர்மானிக்கிறது. சாதாரண சாலை ரேடியல் டயர்களில் 25 பிஎஸ்ஐ சுற்றளவில் தொடங்குவது வழக்கம். பந்தயத்திற்கென்றே உருவாக்கப்பட்ட டிராக் ரேடியல் டயர்களில் 15 முதல் 20 பிஎஸ்ஐ வரையும், வரிப்பள்ளங்கள் இல்லாத ஸ்லிக் டயர்களில் 10 முதல் 15 பிஎஸ்ஐ வரையும் தொடங்குகின்றனர். டயர் நிறுவனம் குறிப்பிடும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்லக்கூடாது.

அழுத்தம் மிகவும் குறைந்தால் பலன் தலைகீழாகிவிடும். டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்கள் மட்டுமே தரையைத் தொடும். அதிவேகத்தில் வாகனம் பக்கவாட்டில் ஆடும். சக்கரத்தின் இரும்பு வளையமான ரிம் சுழல, டயர் அதே இடத்தில் வழுக்கி நிற்கும் நிலையும் ஏற்படலாம். அழுத்தம் கூடினாலோ நடுப்பகுதி புடைத்து, ஓரங்கள் தரையை விட்டு எழும்பும். தடத்தில் பதியும் கறுப்புத் தடயம் டயரின் முழு அகலத்திற்கும் சீராக இருந்தால் அளவு சரியாக உள்ளது என்று பொருள்.

வெயிலும் கணக்கில் உண்டு

காற்று சூடானால் அழுத்தம் உயரும். 32 பிஎஸ்ஐ உள்ள டயர் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ கூடும். 15 பிஎஸ்ஐ உள்ள டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். எண்ணிக்கையில் இது சிறியதாகத் தோன்றினாலும், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் டயருக்கு இது ஏறத்தாழ 7 சதவீத மாற்றம். காலையில் அமைத்த அளவு நண்பகலில் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். வாகனத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெயில் பட்டாலும் இடது, வலது டயர்களின் அழுத்தம் வேறுபட்டு, புறப்படும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எனவே, ஒவ்வோர் ஓட்டத்திற்கும் முன்பும் ஒரே கட்டத்தில், ஒரே அழுத்தமானியைக் கொண்டு அளவிட வேண்டும். ஒரு முறைக்கு அரை முதல் 1 பிஎஸ்ஐ வரை மட்டுமே மாற்ற வேண்டும். அந்த ஓட்டத்தில் வேறு எதையும் மாற்றக்கூடாது. பலனைக் காட்டுவது முதல் 60 அடியை, அதாவது சுமார் 18 மீட்டரைக் கடக்கும் நேரம். டயரின் பிடிப்பு அதில்தான் தெளிவாக வெளிப்படும். அழுத்தம், தடத்தின் வெப்பம், 60 அடி நேரம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்தால், சில ஓட்டங்களிலேயே அந்த வாகனத்திற்கு உரிய அளவு தெரிந்துவிடும்.

தடத்தில் பலம், சாலையில் ஆபத்து

பந்தயத்திற்கு ஓட்டி வந்த காரிலேயே பலர் வீடு திரும்புகின்றனர். உண்மையான ஆபத்து அங்குதான் தொடங்குகிறது. சாதாரண கார் டயர் ஒரு முறை சுழலும்போது ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். 402 மீட்டர் ஓட்டத்தில் அது சுமார் 200 முறை சுழல்கிறது. 701 கிலோமீட்டர் நீளமுள்ள மும்பை - நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையை முழுமையாகக் கடக்க, அதே டயர் சுமார் 3.5 லட்சம் முறை சுழல வேண்டும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாக மடிந்து விரிகிறது. அதனால் உருவாகும் வெப்பம் சில விநாடிகளில் முடியும் பந்தயத்தில் பெரிதாகச் சேராது. நெடுஞ்சாலையிலோ அது தொடர்ந்து சேர்ந்து, டயரின் உள்ளடுக்குகளைப் பிரித்து, இறுதியில் வெடிக்கச் செய்யும்.

ஆகவே, போட்டி முடிந்ததும் தடத்தை விட்டு வெளியேறும் முன்பே காற்றை நிரப்புவது அவசியம். நிரப்ப வேண்டிய அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும்.

பொதுச்சாலையில் பந்தயம் நடத்துவது சட்டப்படி குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி, முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வகை செய்கிறது.