மூக்கின் ஜீன், பாக்டீரியாவின் வயிற்றில்!

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடம். கட்டடத்தின் அடியில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. அதற்கு வாசனையே கிடையாது என்பதால் யாருக்கும் தெரியவில்லை. தொழிற்பயிற்சி அறையில் ஒரு சாண்டிங் மெஷினை ஆன் செய்தபோது எழுந்த பொறிதான் காரணம் என்கிறார்கள். ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே எரிவாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம்ம வீட்டு சிலிண்டரில் வருகிற நாற்றமும் கேஸோட நாற்றம் இல்லை. அதில் கலந்த எத்தில் மெர்காப்டனின் நாற்றம்.

ஆக, கோடிக்கணக்கான வீடுகளுக்கு மூக்குதான் அலாரம். அந்த அலாரத்தின் சென்சார் எது?

1991-இல் ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக் என்ற இருவர் எலியின் மூக்கில் வாசனை ஏற்பிகளுக்கான ஜீன் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கு வேலை செய்கிற மோப்ப ஜீன்கள் ஏறக்குறைய 400. அதற்குக் குறையாத எண்ணிக்கையில் பழுதாகிப்போன ஜீன்களும் நம் உடம்பில் சும்மா கிடக்கின்றன!

இதில் எந்த ஜீன் எந்த வாசனைக்கு? தெரியணும்னா ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, நிறைய நகல் போட்டு, சோதித்துப் பார்க்கணும். அந்த நகல் போடும் வேலைக்குத்தான் பாக்டீரியா. நான் மெக்கானிக்கல் மாணவன், ஆகவே நம்ம பட்டறை பாஷையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை, ஜீனை எடுப்பது. மூக்கை அறுக்க வேண்டாம், பயப்படாதீர்கள்! கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்தால் வருகிற செல்லிலும் அதே டி.என்.ஏ.தான். பெரும்பாலான மனித ஜீன்கள் துண்டு துண்டாக இருக்கும். மோப்ப ஜீனில் புரதத்துக்கான பகுதி மட்டும் பொதுவாக ஒரே துண்டு, ஏறத்தாழ 1000 எழுத்து. 300 கோடி எழுத்துக்கு நடுவில் அதை மட்டும் பெருக்கித் தருவது பி.சி.ஆர். என்ற முறை. சூடாக்கினால் இழைகள் பிரியும். ஆறினால் இரு முனைகளிலும் 'பிரைமர்' ஒட்டும். என்சைம் புது இழையைக் கட்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 30 சுற்றில் கணக்குப்படி 1 நகல் 107 கோடி நகலாகும். பிழை திருத்தும் திறனுள்ள என்சைமாகப் போடணும். டிராயிங்கில் ஒரு அளவு மாறினால் ஜாப் என்ன ஆகும்? அதேதான் இங்கும்.

இரண்டாவது, பிளாஸ்மிட். பாக்டீரியாவுக்குள் அதன் பெரிய டி.என்.ஏ. தவிர, வளையல் மாதிரி ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் இருக்கும். பி.யு.சி.19 என்ற வளையத்துக்கு 2686 எழுத்து. இதை வெட்ட 'ஈக்கோ ஆர்-1' என்ற என்சைம் உண்டு. ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கண்டால் மட்டும், அதையும் படி வைத்த மாதிரி வெட்டும். ஜீனின் முனையிலும் அதே வெட்டு. ஃபிட்டிங் ஷாப்பில் டவ்டெயில் போட்டிருப்பீர்களே, ஆணும் பெண்ணும் பொருந்துவது போல இரண்டும் பொருந்தும். மறுமுனைக்கு 'ஹிண்ட்-3' என்ற வேறு என்சைம். ஏன் இரண்டு? அப்போதுதான் ஜீன் தலைகீழாக நுழையாது. ஜீனுக்கு நடுவிலேயே இந்த வரிசைகள் இருந்துவிட்டால் ஜீனே துண்டாகும். அதை முன்னாடியே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு 'லிகேஸ்' என்ற என்சைம் மூட்டை வெல்டிங் செய்துவிடும்.

மூன்றாவது, உள்ளே ஏற்றுவது. கால்சியம் குளோரைடில் பக்குவப்படுத்திய ஈ.கோலை பாக்டீரியாவை பிளாஸ்மிட்டோடு ஐஸில் வைத்து, 42 டிகிரியில் முக்கால் நிமிஷம் போல சூடு காட்டி, மறுபடி ஐஸ். சில பாக்டீரியா மட்டுமே வளையத்தை விழுங்கும். எது விழுங்கியது? பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் மருந்தை எதிர்க்கும் ஜீனும் இருக்கிறது. மருந்து கலந்த தட்டில் பரப்பினால் விழுங்காதது வளராது. அதற்குரிய நிறப்பொருளையும் சேர்த்தால், வெறும் வளையம் உள்ள கூட்டம் நீலமாகவும், ஜீன் ஏறிய கூட்டம் வெள்ளையாகவும் தெரியும். வெள்ளையை எடுத்து 37 டிகிரியில் வளர்த்தால் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலையில் டியூப் நிறைய நகல்! கடைசியாக எழுத்து எழுத்தாகப் படித்து சரிபார்க்க வேண்டும்.

"அப்போ அந்த பாக்டீரியா மோப்பம் பிடிக்குமா?" பிடிக்காது. அது டிராயிங்கை பத்திரமாக வைத்திருக்கும் அலமாரி மட்டும்தான். சோதனைக்கு ஜீனை இன்னொரு பிளாஸ்மிட்டுக்கு மாற்றி மனித செல்லுக்குள் ஏற்றணும். அங்கேயும் புரதம் செல்லின் மேல்பரப்புக்கு வராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதை மேலே கொண்டுவரும் ஆர்.டி.பி.1 என்ற துணைப் புரதம் 2004-இல் வெளிவந்த பிறகே வேலை சுலபமாச்சு.

இந்த வழியில் 2016-இல் கிடைத்த ஒரு விடை: மெர்காப்டன் வகை நாற்றங்களுக்கு ஓ.ஆர்.2டி11 என்ற மனித ஏற்பி பதில் தருகிறது. அதற்குத் தாமிர அயனி துணை செய்கிறது. நம்ம அலாரத்தின் ஒரு சென்சார் கையில் கிடைத்துவிட்டது!

மோப்ப ஜீன்கள் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு வருகிற வாசனை பக்கத்திலிருப்பவருக்கு வராமலும் போகலாம். ஜலதோஷத்தில் மூக்கு அடைக்கும். கொஞ்ச நேரம் பழகினால் நல்ல மூக்கும் மரத்துப்போகும். ஆகவே, நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் "எனக்கு ஒண்ணும் வாசனை வரலியே" என்று யார் சொன்னாலும் நம்பி ஸ்விட்சைத் தட்டாதீர்கள். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் லீக். அதைத் தெரிந்துகொள்ள எந்த ஜீனும் வேண்டாம்!