மார்கழியில் ஒரு திராட்சைத் தோட்டம்

நாசிக்கில் நாம் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. சங்கத்து விழாக்களில் புதிதாக அறிமுகமாகும் அன்பர்கள் முதலில் ஊரைக் கேட்கிறார்கள். அடுத்துத் தொழிலைக் கேட்கிறார்கள். ஊர் கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் மலர்கின்ற முகம், தொழில் திராட்சை மது ஆக்குவது என்றவுடன் சற்றே தயங்கும். ஒருமுறை பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காய்ச்சுகிறீர்களா?" என்று வினவினார். "காய்ச்சுவதில்லை, ஐயா, புளிக்க வைக்கிறோம்" என்றோம். அவருக்கு அது பெரிய வேறுபாடாகத் தோன்றவில்லை. நமக்கு அதுவே எல்லா வேறுபாடும் ஆகும். சாராயம் அடுப்பில் பிறப்பது. திராட்சை மதுவுக்கு அடுப்பு வேண்டா. பழத்தில் உள்ள சர்க்கரையை நொதியுயிர்கள் தின்று, சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. நம் வேலை, அவை தம் வேலையைச் செய்வதற்கு இடையூறு வாராமல் காப்பது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் இல்லத்தரசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மற்றொரு கேள்வி வரும். "உங்களுக்கு இதுதானே அறுவடைக் காலம்?" என்பார்கள். கடைக்காரருக்கு அப்படித்தான். ஆனால் ஆலைக்குள் வந்து பார்த்தால், அந்நாட்களில் எங்கள் பெருங்கலங்களில் பல வெறுமையாகக் கிடக்கும். அவற்றைக் கழுவித் துடைத்துக்கொண்டிருப்போம். பழம் இன்னும் கொடியில் இருக்கும்.

இதன் காரணம் சுவையானது. பிரான்சிலும் இத்தாலியிலும் செப்டம்பர், அக்டோபரில் பழம் பறித்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் வேளையில் அங்கே கொடி இலையுதிர்ந்து உறங்கும்; புது மது நிலவறையில் அமைதி கொள்ளும். நாசிக்கில் கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை. அதைத் தன் போக்கில் விட்டால் மழைக்காலத்தில் பழுத்து அழுகிப்போகும். ஆகவே இங்குள்ள உழவர் ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்கின்றனர். ஏப்ரலில் ஒருமுறை, மராட்டியில் அதற்குக் 'கரட்' கவாத்து என்று பெயர். மழை ஓய்ந்தபின் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை; அதைக் 'கோடி' என்பர், இனிப்பு என்று பொருள். அதன்பின் வரும் தளிரில்தான் காய் பிடிக்கும். டிசம்பர் இறுதியில் பச்சைக் காய் நிறம் மாறத் தொடங்கும். சனவரியில் வெள்ளை வகைகளும், பிப்ரவரி, மார்ச்சில் கறுப்பு வகைகளும் கொய்யப்படும். வடகோளத்தில் இருந்துகொண்டு தென்கோளத்து நாட்காட்டியைப் பின்பற்றும் ஊர் எங்கள் ஊர். ஒரு கத்தரிக்கோல் செய்த மாற்றம் இது.

எனவே உலகம் குடிலும் விண்மீனும் அமைத்து மகிழும் நாட்களில் நாம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். பகலில் நல்ல வெயில், இரவில் பத்துப் பாகை அளவில் குளிர். இவை இரண்டும் அமைந்தால் பழத்தில் சர்க்கரையும் ஏறும், புளிப்பும் முற்றிலும் போய்விடாது. மழை மட்டும் வரக்கூடாது.

இத்தொழிலுக்கு நம்மைக் கொண்டுவந்தது எது என்று நினைத்தால், ஓர் ஊறுகாய்ச் சாடிதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பள்ளத்தாக்கில் விளைவது பன்னீர்த் திராட்சை. அது 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் அன்னையார் நவம்பர் இறுதியில் நல்ல குலைகளாகத் தெரிந்து, கழுவி, ஈரம் போக உலர்த்தி, கையால் பிசைந்து, பீங்கான் சாடியில் இடுவார். சர்க்கரை, ஆறவைத்த வெந்நீர், ஒரு கைப்பிடி கோதுமை, நாலைந்து கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை. வாயில் துணி கட்டி, இருட்டறையில் வைப்பார். நாள்தோறும் ஒரே வேளையில் மரக்கரண்டியால் கிளறுவார். இருபத்தோராம் நாள் வடிகட்டுவார். சிலர் கலங்கல் தெளிய முட்டையின் வெண்கருவையும் சேர்ப்பதுண்டு. அது வெறும் நம்பிக்கையன்று. வெண்கருவில் உள்ள புரதம் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அடியில் தங்கிவிடும். பிரான்சில் போர்டோ வட்டாரத்தாரும் நெடுங்காலமாக இதைச் செய்துவந்திருக்கின்றனர். அன்னையாருக்கு இவை எவையும் தெரியா. சாடியின் வாயை இறுக மூடினால் வெடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

ஒருமுறை அவர் ஒரு புட்டியைக் கோவிலுக்கு எடுத்துச் சென்று, பூசைக்கு வைத்துக்கொள்ளுமாறு குருவானவரிடம் நீட்டினாராம். பூசைக்குரிய இரசம் திராட்சையிலிருந்து மட்டுமே ஆனதாய், கெடாததாய் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கோதுமையும் கிராம்பும் போட்டது அங்கே செல்லாது. குருவானவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, பண்டிகை உணவுக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். (வீட்டில் இவ்வாறு செய்ய விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல்: உரிமம் இன்றி மது ஆக்குவது பல மாநிலங்களில் குற்றம். கேரளத்தில் 2019-இல் ஆயத்தீர்வைத் துறையினர் இதை வெளிப்படையாகவே எச்சரித்தனர். அவரவர் மாநிலச் சட்டத்தை அறிந்து நடப்பது நலம்.)

நம் தந்தையார் அச்சாடியின் பக்கம் போனதே இல்லை. அவருடைய தமையனார் சாராயக் கடையிலேயே நிலத்தையும் உடலையும் இழந்தவர். அண்ணன் போன வழியைப் பார்த்தவர்க்கு, கோதுமையும் கிராம்பும் கலந்த குவளையும் அந்தக் கடையின் வாசற்படியாகவே தெரிந்தது. பூசையில் கிண்ணம் குருவானவர்க்கே உரியதாக இருந்தமையால் அங்கும் அவர் நாவில் அது பட்டதில்லை. நாம் வேளாண்மை படித்து இத்தொழிலுக்கு வந்தபோது அவர் சினந்து பேசவில்லை, பேச்சையே குறைத்துக்கொண்டார். ஊரார் கேட்டால், "மகன் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறான்" என்று கூறுவாராம். அது பொய்யன்று.

தமிழருக்கு இப்பொருள் புதிதன்று என்பதை அவரிடம் எடுத்துரைக்கும் துணிவு நமக்கு வந்ததில்லை. யவனர் நற்கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டிய மன்னன் பொற்கலத்தில் பருகியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். 1945-இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அத்தேறல் வந்த இருகைப் பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய சாடி ஓடு, தமையனைப் பறிகொடுத்தவருக்கு விடையாகாது.

மராட்டிய நாட்டில் இத்தொழில் வேரூன்றியது அண்மைக் காலத்தில்தான். நாராயண்காவில் சாம்ராவ் சௌகுலே 1980-களில் தொடங்கிய ஆலையின் 'ஓமர் கையாம்' நுரைமது வெளிநாடுகளுக்கும் சென்றது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் 'சூலா'வை நிறுவினார். 2001-இல் மாநில அரசு தனிக்கொள்கை வகுத்துத் தீர்வைச் சலுகை அளித்தபின் ஆலைகள் பெருகின. நம்மைப் போன்ற வெளியூராருக்கும் வேலை கிடைத்தது.

இனி, 2023-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு வருவோம். அன்னையார் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. தந்தையாரைத் தனியே விட மனமின்றி, பண்டிகைக்கு நாசிக்குக்கு அழைத்து வந்திருந்தோம். அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஞாயிறன்று இம்மாவட்டத்தில் பருவம் தப்பிய மழையும் கல்மழையும் பெய்து, நிபாட் வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றைச் சிதைத்திருந்தன. எங்கள் ஆலைக்குப் பழம் தரும் உழவர் ஒருவர்க்கு அங்கே இரண்டு ஏக்கர் சிராஸ் கொடி உண்டு. நல்ல ஆண்டில் எட்டு, ஒன்பது டன் தருபவர். டிசம்பர் 23-ஆம் நாள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "சாஹேப், காய் நிறம் மாறுகிறது, ஆனால் சர்க்கரை ஏறவில்லை. வந்து பாருங்கள்" என்றார். தந்தையாரும் உடன் வருவதாகச் சொன்னார்.

தோட்டத்தைக் கண்டு அவர் முதலில் வியந்தது கொடியைக் கட்டியிருந்த முறையைத்தான். எங்கள் ஊரில் கொடி தலைக்குமேல் பந்தலாகப் படரும். இங்கே கம்பியில் வேலிபோல் நிற்கும். அடுத்து, தூரோரம் கிடந்த நீலக் கறைபட்ட வாளியைக் கண்டு, "இங்கும் போர்டோக் கலவையா?" என்றார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அம்மருந்தை அறியாத திராட்சை உழவர் இல்லை. போர்டோ என்பது பிரான்சில் மதுவுக்குப் பெயர்போன ஊர், அடிச்சாம்பல் நோய்க்கு அங்கே கண்ட மருந்து இது என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னோம். "ஊர்ப் பெயரா! நான் மருந்துக் கம்பெனி என்று எண்ணியிருந்தேன்" என்றார்.

பின்னர்ப் பேச்சு நின்றது. கொடிகள் பார்க்கத் துயரமாக இருந்தன. கல்மழை பட்ட இலைகள் கிழிந்து உதிர்ந்திருந்தன. அடிபட்ட காய்கள் கறுத்து உலர்ந்து குலையிலேயே தொங்கின. எஞ்சிய குலைகள் மட்டும் நிறையவே இருந்தன. உழவர் அவற்றைக் காட்டி, பாதியாவது தேறும் என்றார். நாம் ஒளிமுறிவு மானியில் சாற்றை இட்டுப் பார்த்தோம். அந்நாளில் இருக்க வேண்டிய அளவைவிட வெகு குறைவு. ஒரு லிட்டர்ச் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்தால்தான் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயச் சத்து உண்டாகும். எங்கள் ஒப்பந்தமோ 21 பிரிக்ஸுக்குக் குறைந்த பழத்தை எடுப்பதில்லை என்பது.

தந்தையார் ஒரு கொடியைச் சுற்றி வந்து, இலைகளை விரலால் எண்ணினார். "தம்பி, இலைதானே அடுப்பு? இருக்கிற அடுப்பு நாலு. பந்தியிலே உட்கார்ந்திருப்பது நாற்பது பேர். யாருக்குமே சோறு வேகாது. பாதிக் குலையை வெட்டச் சொல்" என்றார்.

நாமும் அதையே எண்ணியிருந்தோம்; சொல்ல வாய் வரவில்லை. பாதியைக் கல்மழைக்குக் கொடுத்தவரிடம், மீதியிலும் பாதியை வெட்டி மண்ணில் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? எடைக்குத்தானே பணம்? விலையைக் கூட்டித் தரும் அதிகாரம் நமக்கு இல்லை. நாம் மாதச் சம்பளக்காரர். இருந்தும் மராட்டியில் சொன்னோம். உழவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இது உங்கள் சொல்லா, பாபாவின் சொல்லா?" என்று கேட்டார். "இருவர் சொல்லும்" என்றோம்.

தந்தையார் அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கினார். கறுத்த காய் மிகுந்த குலைகளையும், நிழலில் பிந்திப் பழுக்கும் குலைகளையும், ஒரே தளிரில் இரண்டு இருந்தால் நுனியில் உள்ளதையும் வெட்டிக்கொண்டே வரிசையில் நடந்தார். எழுபத்தெட்டு வயது. மராட்டி ஒரு சொல்லும் தெரியாது. மூன்றாவது கொடியில் உழவர் அவர் கையைப் பிடித்து ஒரு குலையைக் காப்பாற்றினார். தந்தையார் தலையசைத்து அதை விட்டார். நான்காவது கொடியில் அவரே அடுத்த குலையைக் காட்டினார். மாலை வரை இருவரும் ஒரு வரிசையின் இரு பக்கமும் நடந்தனர். மறுநாள் கூலியாட்கள் வந்து மிச்சத்தை முடித்தனர். அன்றிரவு நள்ளிரவுப் பூசையில் தந்தையார் அமர்ந்தபடியே உறங்கிவிட்டார். நாம் எழுப்பவில்லை.

பிப்ரவரி இறுதியில் பழம் ஆலைக்கு வந்தது. 22 பிரிக்ஸ், எடை மூன்று டன்னுக்கும் குறைவு. தரத்திற்காகச் சிறிது கூடுதல் விலை தரும்படி அலுவலகத்திற்கு எழுதினோம். ஒப்பந்தத்தில் இடமில்லை என்று விடை வந்தது. மருந்துச் செலவும் கூலியும் போக அவ்வாண்டு அந்த உழவருக்கு நட்டமே. பழத்தை எடுத்துக்கொண்டதால் கொடியைப் பிடுங்காமல் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அப்பழத்தைத் தனிக்கலத்தில் தோலோடு புளிக்க வைத்தோம். அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தந்தையார் வந்திருந்தபோது, அதிலிருந்து ஒரு குவளை ஊற்றி மேசைமேல் வைத்தோம், குடிக்கச் சொல்லவில்லை. அவர் குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "கிராம்பு போட்டிருக்கிறாயா?" என்றார். இல்லை, சிராஸ் பழத்தில் இயல்பாகவே மிளகும் கிராம்பும் கலந்தாற்போன்ற மணம் உண்டு என்றோம்.

"உன் அம்மா போடுவாள்" என்று கூறிக் குவளையைத் திரும்ப வைத்துவிட்டார். சற்று நேரம் கழித்து, "அந்த ஆள் இந்த வருடம் எத்தனை குலை விட்டிருக்கிறார்?" என்று கேட்டார். நாளைக் காலையில் போய்ப் பார்த்து வரலாம் என்றோம். கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்துபோனார்.