மதுரையின் பெயர் பூண்ட ரோகம்

ஓர் ஊரின் பெயர் உலகெங்கும் பரவுவது அவ்வூராருக்குப் பெருமை என்பது பொதுவான எண்ணம். சங்கத் தமிழாலும், மீனாட்சியம்மன் ஆலயத்தாலும், சுங்குடிச் சேலையாலும் மதுரையின் பெயர் பரவியிருப்பதை நாம் அறிவோம். ஆனால் அந்நிய தேசங்களில் வைத்திய சாஸ்திரம் பயிலும் மாணாக்கர்கள் மதுரையை அறிவது இவற்றால் அன்று. 'மதுராக் கால்' என்னும் ஒரு கொடிய ரோகத்தின் பெயராலேயே அவர்கள் இந்நகரை அறிகின்றனர். இது பெருமையா, சிறுமையா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

1842ஆம் வருஷத்தில் மதுரை வைத்தியசாலையில் ஜான் கில் என்ற ஆங்கில வைத்தியர் இந்நோயைக் கண்டு எழுதி வைத்தார். 1846இல் கோல்புரூக் என்பவர் அதற்கு 'மதுராக் கால்' என்று பெயரிட்டார். 1860இல் பம்பாயிலிருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இது பூஞ்சணத்தால் உண்டாவது என்று கூறி 'மைசிட்டோமா' என்ற சாஸ்திரப் பெயரை வழங்கினார். (உடற்கூற்றுக்குப் பெயர்பெற்ற கிரே என்பாரின் நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே.) பின்னர் இந்நோய்க்குக் காரணமான ஒரு பூஞ்சண இனத்துக்கு 'மதுரெல்லா' என்றும், பூஞ்சணம்போல் இழையோடி வளரும் பாக்டீரியா இனம் ஒன்றுக்கு 'ஆக்டினோமதுரா' என்றும் பெயர் சூட்டினர். ஆக, இரண்டு கிருமி வர்க்கங்கள் நம் ஊரின் பெயரை என்றென்றைக்கும் சுமந்து நிற்கின்றன. அன்று கில் துரை பரிசோதித்த கால்களுக்குரிய குடியானவர்களின் பெயரை எவரும் நினைவில் வைக்கவில்லை.

நோயின் போக்கைச் சிறிது கூறுவோம். வெறுங்காலுடன் வயலிலும் கரட்டிலும் நடப்பவன் காலில் கருவேல முள் தைக்கிறது. முள்ளோடு மண்ணிலுள்ள கிருமியும் உள்ளே புகுகிறது. மாதங்கள் சென்றபின் ஒரு சிறு கட்டி எழும்புகிறது. அதில் வலியே இராது. வலி இல்லாததுதான் இந்நோயின் வஞ்சகம். கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஏழைக்கு அவகாசம் ஏது? கால் பருத்துப் பல துவாரங்கள் விழுந்து, அவற்றின் வழியே கறுப்பாகவோ, வெண்மையாகவோ, சிவப்பாகவோ கடுகு போன்ற மணிகள் வெளிப்படும். யானைக்கால் என்று ஜனங்கள் மயங்குவதுண்டு; அது கொசுவால் பரவும் புழுவினால் வருவது, இது வேறு. சுசுருத சம்ஹிதையில் கூறப்படும் 'வல்மீகம்', அதாவது புற்றுப் போன்ற ரோகம், இதுவே எனக் கருதுவோர் பலர்.

அந்த மணிகளிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அவற்றை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், காரணம் பாக்டீரியாவா, பூஞ்சணமா என்று புலப்படும். பாக்டீரியாவாயின் மருந்தினாலேயே பெரும்பாலோர் குணமடைவர். பூஞ்சணமாயின் மாதக்கணக்கில் மருந்துண்டு, சத்திர சிகிச்சையும் செய்துகொள்ள வேண்டும். தாமதித்து வந்தவர் காலையே இழக்கவும் நேரும். கடுகளவு மணியைச் சோதிக்கும் வசதி அருகில் இல்லாமையால் ஒரு மனிதன் காலை இழப்பானாயின், அக்குறை அவனுடையதாகுமா?

இனி, இதே மண்ணிலிருந்து இதே குடியானவனுக்கு வரும் மற்றொரு துன்பத்தை நோக்குவோம். கதிரடிக்கும் களத்தில் நெல்லின் கூர்நுனியோ சோளத்தட்டையோ கண்ணில் படுகிறது. அக்காயத்தில் பூஞ்சணம் குடியேறிக் கருவிழியைப் புண்ணாக்குகிறது. முள்ளுக்குப் பதில் உமி. காலுக்குப் பதில் கண். வித்தியாசம் இவ்வளவே. ஆனால் இவ்விஷயத்தில் மதுரை வெறும் பெயரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள், 1994ஆம் வருஷத்து முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஒருவர் விடாமல் ஆராய்ந்தனர். நூற்றுக்கு 65 பேர் கண்ணில் அடிபட்டவர்கள். 297 பேரின் புண்ணில் கிருமி வளர்ந்தது. அவர்களில் 140 பேருக்குப் பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சணம். பூஞ்சணங்களுள் 'பியூசேரியம்' என்பதே முதன்மை. மதுரை ஜில்லாவில் வருஷந்தோறும் லட்சம் பேரில் ஏறக்குறைய 113 பேருக்கு இப்புண் வருகிறதென்றும், இது அமெரிக்காவின் மினசோட்டா ராஜ்யத்தில் ஒரு ஜில்லாவில் கண்டதைப்போல் பத்து மடங்கென்றும் 1996இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி கூறிற்று. சீமைப் புத்தகங்களை மட்டும் நம்பியிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா?

மருந்து விஷயத்திலும் தீர்ப்பு இங்கிருந்தே சென்றது. நேட்டாமைசின் என்ற பழைய மருந்தா, வோரிகோனசோல் என்ற புதிய மருந்தா, எது மேல் என்று வைத்திய உலகம் ஐயுற்றிருந்தது. 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களிலுள்ள அரவிந்த் ஆஸ்பத்திரிகளில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஒத்துழைப்போடு, 323 நோயாளிகளிடம் சோதனை நடைபெற்றது. எவருக்கு எம்மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 2013இல் முடிவு வெளியாயிற்று: பழைய மருந்தே, விசேஷமாகப் பியூசேரியத்துக்கு, மேலானது. 2017இல் உலக சுகாதார ஸ்தாபனம் நேட்டாமைசினை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டது. இம்மருந்து 1955இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரினின்று கிடைத்தது. பெயரும் அந்த மாகாணத்தினுடையதே. நம் தமிழ்க் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் வியர்வை சிந்திய நேட்டால் மண், நம் குடியானவரின் கண்ணுக்கு மருந்தளிப்பது விந்தையன்றோ!

கிராமத்திலேயே நோயைத் தடுக்கவும் முயன்றனர். கருவிழியில் சிராய்ப்புக் கண்ட 374 பேருக்குக் கிராமத் தொண்டர்கள் மூன்று நாட்கள் களிம்பிட்டதில் 368 பேருக்கு யாதொரு தீங்குமின்றி ஆறியது என்று 2006இல் வெளியிட்டனர். நேபாளத்தில் கிராமம் கிராமமாகப் பிரித்து நடத்திய பெரிய சோதனையிலோ புண்ணின் அளவு குறையவில்லை என்று 2022இல் தெரிந்தது. ஆகையால் களிம்பு ஒன்றே போதும் என்று நாம் கூறமாட்டோம். பச்சிலைச் சாற்றையும், கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு துளிகளையும் கண்ணில் விடாதிருப்பது அதனினும் முக்கியம்.

கண்ணுக்கு இவ்வளவு செய்த ஊர், தன் பெயரையே சுமக்கும் கால்நோய்க்கு என்ன செய்தது? இந்நோய்க்கென 1991இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது சூடான் நாட்டுக் கார்ட்டூம் நகரில். உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட ரோகங்களில் ஒன்றாக ஏற்கச் செய்ததில் அந்நாட்டாரின் பங்கு பெரிது. ஜப்பானில் நகப் பூஞ்சணத்துக்கு வழங்கும் பாஸ்ராவுகோனசோலை 104 நோயாளிகளிடம் அங்கேயே சோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். பழைய இட்ராகோனசோலைவிட அது மேலானதென நிரூபணமாகவில்லை. ஆயினும் தினந்தோறும் மருந்துண்ண வேண்டிய ஏழைக்கு வாரம் ஒருமுறை உண்பது எவ்வளவு சகாயம்! 2023இல் மூண்ட உள்நாட்டுப் போர் அந்நிலையத்தைப் பாழாக்கிவிட்டது. பல்லாண்டுகளாகச் சேகரித்த நோயாளிகளின் விவரங்களும் அழிந்தன.

இந்நோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளாக மெக்ஸிகோ, சூடான், இந்தியா ஆகிய மூன்றையே நிபுணர்கள் கூறுகின்றனர். சூடானில் விளக்கு அணைந்த இவ்வேளையில் அதை ஏற்றும் கடமை யாருடையது? மதுரையில் வைத்தியக் கல்லூரி உண்டு, பெரியாஸ்பத்திரி உண்டு, சர்வகலாசாலையில் உயிரியல் பள்ளி உண்டு. தோப்பூரில் 2019இல் அடிக்கல் நாட்டப்பெற்ற எய்ம்ஸிலும் பூஞ்சண ஆராய்ச்சிச் சாலை ஒன்று முதலிலேயே இடம்பெற வேண்டும் என்று சர்க்காரை நாம் வற்புறுத்துகிறோம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வரும் ஒவ்வொரு துவாரம் விழுந்த காலிலிருந்தும் மணிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும், அதை ஒரு ஜில்லாப் பதிவேட்டில் எழுதுவதும் பெருஞ்செலவுள்ள காரியங்களல்ல. கிராமங்களில் வேலை செய்யும் நம் தொண்டர்கள், வலியில்லாத கட்டியுடன் நடமாடுபவரைக் கண்டால் நாட்டுக் களிம்பு பூசிக் காலம் போக்க விடாமல் கையோடு அழைத்துச் செல்லட்டும். சட்டசபை அங்கத்தினர்களோ, அப்பதிவேட்டில் எத்தனை பெயர்கள் ஏறின என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மந்திரியைக் கேட்கட்டும்.