ஊரடங்கு முடிந்த பின்னும் குறையாத எடை

கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழகத்தில் 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட 1 முதல் 8 வரையிலான வகுப்புகள், 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த நீண்ட இடைவெளியில் பள்ளிக்கு நடந்து செல்வதும், இடைவேளையில் ஓடியாடுவதும், மாலை விளையாட்டும் நின்றுபோயின. உறங்கும் நேரம் தள்ளிப்போயிற்று. திரையின் முன் அமர்ந்து நொறுக்குத் தீனி உண்பது பல வீடுகளில் வழக்கமாயிற்று.

இதன் விளைவைத் தெளிவாகக் காட்டுவது இங்கிலாந்தின் அனுபவம். அங்கே ஆண்டுதோறும் பள்ளிகளில் பிள்ளைகளின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. 2019–20ஆம் கல்வியாண்டில் 4–5 வயதினரில் 9.9 விழுக்காட்டினருக்கு உடற்பருமன் இருந்தது. அடுத்த ஆண்டு அது 14.4 விழுக்காடாயிற்று. 10–11 வயதினரிடையே 21 விழுக்காடு 25.5 ஆக உயர்ந்தது. வறிய பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடையே பாதிப்பு, வசதி மிக்க பகுதிகளைவிட இரு மடங்குக்கும் மேல். எனவே இதைப் பிள்ளையின் சோம்பல் என்று கருதுவது முறையன்று. வாழும் சூழலுக்கும் இதில் பெரும் பங்குண்டு.

பள்ளிகள் திறந்தபின், 2022–23இல் இளையோரின் அளவு 9.2 விழுக்காடாகக் குறைந்தது. மூத்தோரிடையே அது 22.7 விழுக்காட்டிலேயே நின்றது. வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாம் தானே சரியாகிவிடும் என்று நாம் காத்திருக்கலாகாது என்பதையே இது உணர்த்துகிறது. அன்று 10 வயதில் இருந்தவர்கள் இன்று பதின்பருவத்தினர்.

எடை மட்டுமே அளவுகோல் அன்று. பயன்படுத்தாத தசை வலுவிழக்கும். ஓடாத பிள்ளையின் இதயமும் நுரையீரலும் உழைப்பைத் தாங்கும் திறனை இழக்கும். ஆகவே மெலிந்த பிள்ளையும் மாடிப்படி ஏறுகையில் மூச்சிரைக்கலாம். பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் அத்திறனை மீட்கலாம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. நடை, மிதிவண்டி, கயிறு தாண்டல், வீட்டு வேலை எனப் பகுத்துக்கொள்ளலாம்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு எடை மேலும் கூடாமல் உயரம் கூடினாலே போதுமானது. இனிப்புப் பானங்களையும் பொட்டலத் தின்பண்டங்களையும் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து குறையுங்கள். பருமனைச் சுட்டும் பட்டப்பெயர் வேண்டா. அது பிள்ளையை விளையாட்டுத் திடலிலிருந்து மேலும் விலக்கிவிடும்.

குறட்டையுடன் பகல் தூக்கம், கழுத்தைச் சுற்றிக் கருமை, மிகுந்த தாகத்துடன் அடிக்கடி சிறுநீர் கழித்தல், விளையாடும்போது நெஞ்சுவலி அல்லது மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி அட்டவணையுடன் ஒப்பிட்டு, பிள்ளைக்குத் தேவையானதை உங்களுடன் கலந்து முடிவு செய்வோம்.