பழைய தேக்குக்கு அரக்கே போதும்

கோடையில் தமிழகத்தின் வெயில் பட்டியல் வரும்போதெல்லாம் வேலூரோடு திருத்தணியின் பெயரும் இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அதே ஊரில் சுவரில் ஈரம் ஏறும். இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்குகிற மாதிரி, இடித்த வீட்டுப் பழைய தேக்குப் பலகையைச் சுவரில் பதிக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் என்ன பூசுவது? அரக்கு என்பேன். காரணம் தேக்குக்குள்ளேயே இருக்கிறது.

மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் கட்டைகளில் பர்மாத் தேக்கு நிறைய. அதன் வைரப் பகுதியில் டெக்டோகுயினோன் என்ற சேர்மம் இருக்கிறது. கறையானுக்கு அது ஆகாது. வியப்பு என்னவென்றால், தேக்கைக் காக்கும் இதுபோன்ற இயற்கைச் சரக்குகள் எண்ணெய்ப் பூச்சையும் காயவிடாமல் தடுக்கின்றன. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. தேக்கின் சாறு அந்தப் பின்னலைக் கெடுக்கும். பூசிப் பல நாளாகியும் தொட்டால் பிசுபிசுக்கும் பலகைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இறுகும்போது அந்த எண்ணெய் வெப்பத்தையும் வெளியிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், வெப்பம் உள்ளேயே சேர்ந்து தானாகவே தீப்பற்றக்கூடும். எண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் துணியை வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவைக்க வேண்டும். திருத்தணி வெயிலில் இதை அலட்சியமாக விடவே கூடாது.

அரக்குக்கு ஆக்சிஜன் தேவையில்லை. புரசு, இலந்தை மரக் கிளைகளில் சாறு உறிஞ்சி வாழும் சிறு பூச்சி, தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பிசின்தான் அது. இந்தியாவில் ஜார்க்கண்டில் அதிகம் விளைகிறது. ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுத் துணியால் தேய்த்தால் ஸ்பிரிட் பறந்துவிடும், பிசின் மரத்தில் தங்கிவிடும். தேக்கின் சாறு குறுக்கிட அங்கே எதுவும் இல்லை. கே.பி. சுந்தராம்பாளின் குரலைச் சுமந்த அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுகளும் இந்த அரக்கு கலந்தே வார்க்கப்பட்டவை. மாத்திரைகளுக்கு மேலே மினுங்கும் உறையிலும் இது உண்டு.

அரக்குக்குச் சூடும் தேங்கும் தண்ணீரும் ஆகாது. சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். கூடத்துச் சுவரில் யார் சுடுபாத்திரம் வைக்கப்போகிறார்கள்? அங்கே பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுக்குச் செலவழிப்பது வீண். சமையலறைச் சுவர் என்றால் மட்டும் பி.யு. பக்கம் போகலாம்.

மழைநாளில் பாலிஷ் போடாதீர்கள். ஸ்பிரிட் பறக்கும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றின் நீர் அங்கே படிந்து பூச்சு வெளுத்துப்போகும். பங்குனி, சித்திரையின் உலர்ந்த காலை நேரம் நல்லது.

பலகையில் பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூசு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கக்கூடியது. நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் அவசியம். ரயில் பாதையிலிருந்து வரும் பழைய ஸ்லீப்பர் கட்டையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எந்தப் பூச்சுக்கும் அடங்காத நஞ்சு.

பலகையின் பின்பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பூசாத பக்கம் சுவரின் ஈரத்தை வேகமாகக் குடித்து உப்பும். பூசிய பக்கம் அப்படி உப்பாது. பலகை வளைந்து ஆணியைப் பிடுங்குவது இதனால்தான். அதனால் சுவரில் அடிக்கும் முன்பே இரண்டு பக்கமும் ஒரே அளவு பூசி, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் வைத்துக் காற்று போக இடம் விடுங்கள்.