வரும் வாரத்து மழை

கார்த்திகை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் குடியானவன் முதல் கலெக்டர் வரையில் யாவரும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதில் வியப்பொன்றுமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் முடிய மூன்று மாதங்களில் பெய்யும் சுமார் 44 சென்டிமீட்டர் மழையே நமது வருஷ மழையில் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் அம்மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. நாலு நாள் கொட்டும். பத்து நாள் வெயிலடிக்கும். ஆதலின் இந்த வருஷம் மழை எவ்வளவு என்ற கேள்வியைக் காட்டிலும், வரும் வாரம் எப்படி என்ற கேள்வியே குடியானவனுக்குப் பெரிது. தஞ்சை ஜில்லாவில் நட்டுச் சில நாளே ஆன சம்பாப் பயிர் ஒரு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். தாமதித்து அறுத்த குறுவை நெல்லோ கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கிறது. ஈரம் 100-க்கு 17-க்கு மேற்பட்டால் வாங்குவதில்லை என்பது பொது விதி.

இக்கேள்விக்கு விடை கூற வானிலை இலாகா இருக்கிறது. 1875-ம் வருஷத்தில் ஏற்பட்ட அந்த இலாகா, தினசரி அறிக்கையோடு, வியாழக்கிழமைதோறும் வரும் வாரங்களுக்குரிய முன்னோட்டத்தையும் வெளியிடுகிறது. அந்தமான் பக்கம் உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வு நமது கரையை எட்டப் பெரும்பாலும் சில நாட்கள் பிடிக்கும். ஆகையால் வாரத்தின் போக்கை முன்னதாகக் கூறுவது சாத்தியமே. எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதுதான் கடைசி நாள் வரையிலும் மழுப்புகிறது. முதல் மூன்று நாள் செய்தியை நம்பிக் காரியம் செய்யலாம். ஐந்தாம் நாளுக்கு அப்பாற்பட்டதைத் திசைகாட்டியாக மட்டும் கொள்ளவேண்டும்.

ஆயினும் அறிக்கையின் பாஷையை நம் ஜனங்கள் சரியாகப் படிப்பதில்லை என்பது நமது அபிப்பிராயம். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று கண்டால், 'ஓரிரு இடந்தானே, நமக்கில்லை' என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள். அப்பிரதேசத்து மழைமானி நிலையங்களில் 100-க்கு 25 வரை என்பதே அதன் பொருள். அந்தக் காற்பங்கில் நம் ஊர் இல்லை என்று யார் சொன்னது? இலாகாவின் கணக்கில், காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 6½ சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 11½-ஐத் தாண்டினால் மிகக் கனமழை. 20-ஐக் கடந்தால் அதி கனமழை. அதற்கு மேல் சொல்லே கிடையாது! 21-ம் அதி கனமழைதான். 95-ம் அதி கனமழைதான்.

95 என்று நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை. 2023 டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பதிவான மழை அவ்வளவு. தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் அது அதிகம். அன்று பெயர் சூட்டப்பெற்ற புயல் ஏதும் கடலில் இல்லை. குமரிக் கடலருகே ஒரு காற்றுச் சுழற்சியே இருந்தது. தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பிரயாணிகள் நூற்றுக்கணக்கில் நடுவழியில் சிக்கினர். புயல் என்றால் மட்டும் அஞ்சுவது என்ற நமது வழக்கம் எத்தனை பிசகானது!

அஃதொருபுறமிருக்க, சர்க்காரின் பொறுப்பும் ஒன்றுண்டு. 2015 டிசம்பர் 1-ந் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி நகராமல் நின்றது. டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி வெளியேறித் தென்பெண்ணைக் கரையிலிருந்த கிராமங்களில் புகுந்தது. முன்னோட்டம் கையிலிருக்கும்பொழுது, அணை நிரம்பும் வரையில் காத்திருப்பானேன் என்று ஜனங்கள் கேட்பது நியாயமே.

ஆனால் மதகடியில் நிற்கும் எஞ்சினீயரின் சங்கடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 364½ கோடி கன அடி. முன்னோட்டத்தை நம்பி அதில் மூன்றிலொரு பங்கைக் கடலுக்கு விட்டபின் மழை ஆந்திரக் கரைக்குத் திரும்பிவிட்டால், அடுத்த கோடையில் சென்னை தாகத்தால் தவிக்கும். 2019-ல் ஏரிகள் வறண்டு சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்ததை யார் மறந்தார்கள்? திறந்தாலும் பழி, திறக்காவிட்டாலும் பழி என்னும் நிலையில் எந்த உத்தியோகஸ்தரும் மேலதிகாரியின் உத்தரவை எதிர்பார்த்தே நிற்பார்; உத்தரவு வருவதற்குள் வெள்ளம் வந்துவிடும். ஆகவே, இன்ன அளவு மழை எதிர்பார்க்கப்பட்டால் ஏரியை இன்ன அடிக்கு இறக்கவேண்டும் என்ற விதியை ஐப்பசிக்கு முன்பே எழுதிப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். அவ்விதிப்படி நடந்த எஞ்சினீயர்மீது பின்னர் குற்றம் சாட்டலாகாது.

கிராமங்களில் வேலை செய்யும் பொது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. வியாழக்கிழமை அறிக்கை வந்ததும் அதைப் பஞ்சாயத்துக் கரும்பலகையில் சென்டிமீட்டர்க் கணக்கோடு தெளிந்த தமிழில் எழுதி வையுங்கள். 'அதி கனமழை' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், அது பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வாய்க்கால் தலைப்பை அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை ஞாயிற்றுக்கிழமைக்குள் அகற்றிவிடலாம். களத்து நெல்லை மேட்டுக்கு மாற்ற இரண்டு வண்டி போதும்.